ஒற்றைச் சுரத்துக்குச் சிவப்பு

ஒரே ஒரு சுரத்தைச் சிவப்பாக்கச் சொன்னால், நான்கு பக்கமும் சிவந்துவிட்டது. அம்மை போட்டது போலிருந்த கம்ப்யூட்டர் திரையை அசரியா வெறித்துப் பார்த்தார்.

தாம்பரம் சர்ச் பாடகர் குழுவில் அவர் டெனார், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இசைத்தாள் டைப் செய்யும் வேலையை அவரிடம் ஒப்படைத்தது கொயர் லீடர் ஹில்டா. "சொப்ரானோ பாடுற பொண்ணுங்க தவறவிடுற அந்த ஒரு மேல் சுரம் மட்டும் சிவப்பா இருக்கட்டும்ணா" என்றும் சொல்லியிருந்தாள்.

இசைத்தாள் டைப் செய்யும் மென்பொருளில் சுரத்தின் தலை, அதன் காம்பு, சுரங்களை இணைக்கும் வளைகோடு எல்லாமே தனித்தனிப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நிறம், அளவு, திசை என்று குணங்கள் உண்டு. குணத்தை ஒரு சுரத்துக்கு மட்டும் மாற்றலாம், ஒரு குரலுக்கு மாற்றலாம், முழுப் பாட்டுக்கும் மாற்றலாம். அசரியா முழுப் பாட்டுக்கும் மாற்றியிருந்தார்.

"ஒருத்தன் லேட்டா வந்ததுக்கு ஆபீஸ் பூராவுக்கும் மெமோ குடுத்த மாதிரி பண்ணிட்டேன், ஜென்சி!"

"ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதைத்தானே பண்ணீங்க?" என்றாள் மனைவி, வெங்காயம் உரித்தபடி.

சிவப்பைப் போக்க வெள்ளையைக் கொடுத்தார். தலைகள் மறைந்து காம்புகள் மட்டும் வேலிக்கால் போல நின்றன. கறுப்பாக்கி, அளவைக் கூட்டினார். தலைகள் கொழுத்துப் பாட்டு வரிகளின் மேல் உட்கார்ந்தன. காம்புகளின் திசையைத் திருப்பினார். அவை கர்த்தரின் நாமத்தையே குத்திக்கொண்டு போயின.

ஹில்டாவுக்குப் போன் செய்தார். "இன்னிக்கும் ரிகர்சலுக்கு வர முடியாதும்மா."

"அவசரமே இல்லண்ணா. அப்படியே வளைகோட்டையும் கொஞ்சம் தடிமனாக்குங்களேன்."

அசரியாவுக்கு மனம் நெகிழ்ந்தது. "பாவம் அந்தப் பொண்ணு. நான் இல்லாம டெனாரை எப்படிச் சமாளிக்குதோ!"

ஜென்சிக்கு வெங்காயத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

'இந்த ஒருமுறை மட்டும்' என்று அர்த்தம் தரும் ஒரு கட்டளை அதில் இருப்பதை அடுத்த வாரம்தான் கண்டுபிடித்தார். அதைச் சேர்த்ததும், கறுப்புக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு சுரம் சிவந்தது. "அல்லேலூயா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

குரோம்பேட்டையில் பிரதி எடுத்து, ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் ஸ்கூட்டரை நுழைத்து, சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தார். உள்ளே குழு பாடிக்கொண்டிருந்தது. நான்கு குரலும் ஒன்றாய் இழைந்த அந்தப் பாட்டில் அவருக்குக் கண் கலங்கியது. பழைய தாளிலேயே இப்படி என்றால், புதுத் தாளில் எப்படிப் பாடுவார்கள்!

பாட்டு முடிந்ததும் பிரதிகளை ஹில்டாவிடம் நீட்டினார். "எல்லாம் கரெக்டா வந்திருக்கு. இனி ஒரு வேலையும் இல்லை!"

ஹில்டா தாளையே பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "முடிச்சிட்டீங்களாண்ணா..."

பின் வரிசையிலிருந்து, கீழ்க்குரலான பேஸ் பாடும் சுந்தர்சிங் பதறி எழுந்தான்.

"இன்னாக்கா இது? பண்டிகை முடியற வரைக்கும் இவரைப் பாட வராம வூட்லயே வெச்சிக்கினு இருப்பேன்னு சொன்னியே!"