மூடாதீங்க சார்

காவிரி பாயும் ஊர்களில் சல்லடை போட்டுத் தேடினாலும், லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி திறந்தபடியே ஏந்திக்கொண்டு டவுன் பஸ் ஏறுகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். தஞ்சாவூரில் உரக்கடை மாடியில் இருந்த எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில் அவருக்குப் பெயர் 'மூடாதீங்க சார்'.

அறுப்பு மெஷின் யார் வயலுக்கு எப்போது வரும் என்று விவசாயிகளுக்குச் சொல்லும் வெப்சைட் அவருடைய பைத்தான் கைவண்ணம். மெசேஜ் அனுப்பும் வேலையை, பின்னால் தானாக ஓடும் ஒரு த்ரெட்டாக அதற்குள்ளேயே வைத்திருந்தார். சர்வரில் ஏற்றியதும், கூட்டத்தைச் சமாளிக்க வெப்சைட் நாலு பிரதியாக ஓடியது. பிரதிக்கு ஒரு த்ரெட், ஆளுக்கு நாலு மெசேஜ். கீழ்வேளூர் கோவிந்தசாமி நாலு மெஷின் ஆட்களுக்கும் சாம்பார் சாதம் கிளறி வைத்துவிட்டுப் போன் செய்தார்.

"தம்பி, மூணு மெஷினக் காணுமே. சாதத்துக்காவது ஆள அனுப்புங்க."

அன்றோடு சார் சர்வருடன் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார். மெசேஜ் வேலையைத் தனியே பிரித்துத் தன் லேப்டாப்பில் ஓடவிட்டார். மூடினால் நின்றுவிடும். தகவல் போகாமல் மெஷின் திரும்பிப் போய், மழையும் பிடித்துக்கொண்டால், சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். அந்தப் பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் கெஞ்சினார். "அத மூடி மடியில வைங்க சார்."

"மூடினா கீழ்வேளூருக்குப் போகாதுங்க."

"கீழ்வேளூருக்கு இந்த பஸ்ஸே போகாதுங்க."

வலங்கைமானில் அவர் கல்யாணம். மணவறையிலும் லேப்டாப். வெளியே வானம் கருத்துக்கொண்டு வந்தது, உள்ளே கரண்ட் போயிருந்தது.

"மாப்பிள்ளை, அத மூடிட்டுத் தாலிய வாங்குங்கோ" என்றார் ஐயர்.

"மூடாதீங்க. கீழ்வேளூர் இன்னும் போகல."

"நான் பிடிச்சுக்கறேன், நீங்க கட்டுங்க" என்று மணப்பெண் வாங்கிக்கொண்டாள். அவள் கையிலேயே சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. சார் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சார், மெசேஜ் அனுப்புற வேலைய சர்வர்ல பின்னணியில ஒண்ணே ஒண்ணா தனியா வச்சிருக்கேன். உங்களது நின்னா அது அனுப்பும்" என்றேன்.

"சர்வரா? போச்சு."

அவர் நம்பட்டும் என்று கோவிந்தசாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"இப்பதான் மெசேஜ் வந்துச்சு தம்பி, மத்தியானம் மெஷினாம். வயலுக்குத்தான் போயிட்டிருக்கேன்."

"எத்தன மெசேஜுங்க?" என்றார் சார், தாலியைக் கையில் பிடித்தபடி.

"ஒண்ணுதான்."

கெட்டிமேளம் கொட்டியது. லேப்டாப்பை அவரே மூடினார்.

இப்போது அவர் வெளியூரில் வேலையில் இருக்கிறார். எங்கள் ஆபீசில் சாயங்காலமானால் எல்லா லேப்டாப்பும் ஒழுங்காக மூடிக் கிடக்கின்றன. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.