காவிரிக்கரையை நான் வெட்டியது குறித்துச் சம்பந்திக்கு

முனிர்கா, புது டெல்லி
பிப்ரவரி 11, செவ்வாய்

மரியாதைக்குரிய சம்பந்தி திரு. மாசிலாமணி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் தங்கள் மகள் பூங்கோதையும் ஒரே வீட்டில் உடல்நலத்துடன் இருக்கிறோம். உடல்நலம் தவிர மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஈரோட்டில் தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், சம்பந்தியம்மாள் வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் பாதியிலேயே "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிடுவீர்கள். எனக்கு முழுவதும் சொல்லியாக வேண்டும்.

பூங்கோதை புத்தகம் செய்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். எழுதுகிறாளா என்றால் இல்லை. அச்சடிக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. காகிதத்தையே கையால் செய்து, தைத்து, உலகத்துக்கே ஒரே ஒரு பிரதி. செய்யட்டும். ஆனால் கல்யாணத்துக்குத் தாங்கள் சீராக அனுப்பிய கிரைண்டரில் இட்லிக்கு அரைத்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது அதில் அரைபடுவது காலஞ்சென்ற என் கணவரின் வேட்டிகள். கொடுத்தது நான்தான். தரை துடைக்கக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவற்றைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, சோடா போட்டுக் குக்கரில் வேகவைத்து, மாவாக அரைத்து, தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, வீட்டில் எங்கெல்லாம் கண்ணாடி உண்டோ அங்கெல்லாம் காய்வதற்கு ஒட்டுகிறாள். ஜன்னல், அலமாரி, கடைசியில் என் கணவரின் படம். அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்ற மனிதருக்கு மூன்று நாட்கள் முகமே இல்லை. கேட்டால், "மாமா படத்துக் கண்ணாடிதானுங்க அத்தை நல்லா வழவழன்னு இருக்குது" என்கிறாள். தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டு அம்மாள் தினமும் மாடியேறி வந்து, "மாதாஜி, யே கர் ஹை யா தோபி காட்?" என்று, இது வீடா சலவைத்துறையா என இந்தியில் கேட்டுவிட்டுப் போகிறாள்.

இனி நடந்தது. வரும் சனிக்கிழமை லோதி ரோடு பக்கம் ஓர் அரங்கில் இவளும் சிநேகிதர்களும் கண்காட்சி வைக்கிறார்கள். அதற்காக ஒரு வருடம் உழைத்து இருபத்துநான்கு தாள்கள் செய்து, சாப்பாட்டு மேஜையில் அடுக்கி, மேலே என் ஆங்கில அகராதியைப் பாரமாக வைத்துவிட்டு, தைக்க நூல் வாங்கப் போனாள். நான் அகராதியை எடுக்கப் போனேன். அண்ணா, அந்தத் தாள்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வலது ஓரமெல்லாம் பிசிறு. ஒன்று உள்ளே வளைகிறது, ஒன்று வெளியே நீள்கிறது. எங்கள் கான்வென்ட்டில் நோட்டு முனை மடங்கியிருந்தாலே சிஸ்டர் வெளியே நிறுத்திவிடுவார்கள். பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று, ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் எடுத்து இருபத்துநான்கையும் நூல் பிடித்தாற்போல் வெட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பாராட்டுவாள் என்று டீ போட்டுக் காத்திருந்தேன்.

வந்தாள். பார்த்தாள். "காவிரியை வெட்டிட்டீங்களே அத்தை" என்றாள். பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு வளைவாம். இருபத்துநான்கையும் அடுக்கி மூடினால் அந்த ஓரத்தில் பவானியிலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் காவிரிக்கரை தெரியுமாம். இதை ஒரு சீட்டில் எழுதி வைக்கக் கூடாதா? டெல்லியில் என் சாப்பாட்டு மேஜையில் காவிரி ஓடுகிறது என்று நான் எப்படி அறிவேன்?

மறுநாள் சிநேகிதர்கள் ஆறு பேர் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து, சோபா காலியாக இருக்க, தரையில் உட்கார்ந்தார்கள். நிகில் என்று ஒரு தாடிக்காரன், டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பையன், ஓவியனாம். தாள்களை முகர்ந்தே பார்த்தான். "வாஹ், ஆன்ட்டிஜி! இது டேம். நதி வருது, நீங்க குறுக்க ஒரு லைன் போட்டு நிறுத்திட்டீங்க. பஹுத் பவர்ஃபுல்! எக்ஸிபிஷன் கார்டுல உங்க பேரும் போடணும்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். பூங்கோதை மட்டும், "டேமும் இல்ல, கீமும் இல்ல நிகில். அத்தை வெட்டிட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள். அவள் சொல்வதுதான் சரி என்று நானும் சொன்னேன். கல்யாணமாகி நான்கு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. டிபன் மேஜைக்கு வருகிறது, மாத்திரை தண்ணீரோடு இருக்கிறது, என் காலுறை ஹீட்டர் பக்கத்தில் காய்கிறது. பேச்சு மட்டும் இல்லை. கண்காட்சியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி யாரிடமோ போனில் சொன்னதும் காதில் விழுந்தது. விசாகப்பட்டினத்தில் வேலையாக இருக்கும் என் மகன் பிரதீப்பைக் கூப்பிட்டால், "அம்மா, அவகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடேன், முடிஞ்சுபோச்சு" என்கிறான். நானா? என் மாமியாரிடமே நான் கேட்டதில்லை.

ஆகவே தாங்கள் உடனே அவளை ஊருக்கு அழைத்து ஒரு மாதம் வைத்துக்கொண்டு, நல்லெண்ணத்தில் செய்ததைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று எடுத்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் கிரைண்டரையும் அழைத்துக்கொள்ளவும். ரயிலில் நானே ஏற்றிவிடுகிறேன்.

தங்கள் வீட்டில் அனைவரும் நீண்ட ஆயுளோடும், நிறைந்த சுகத்தோடும், ஈரக் காகிதம் ஒட்டாத ஜன்னல்களோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
லீலாவதி

பி.கு.: இதை உறையில் போட்டு மூன்று நாள் கழித்துத் திறந்து எழுதுகிறேன். அன்று மாலையே பூங்கோதை என் அறை வாசலில் வந்து நின்று, "வெட்டின ஓரமெல்லாம் குப்பைக்குப் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள். நான் எதையாவது குப்பையில் போடுகிறவளா? இருபத்துநான்கு துண்டுகளும் பென்சிலில் வரிசை எண் போட்டு, மின்சார பில் வந்த உறையில் என் பீரோவில் இருந்தன. "இதை ஏன் அத்தை இத்தனை நாளாச் சொல்லல?" என்றாள். யாரும் கேட்கவில்லை என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், எது என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று நாட்களாக நான் துண்டைப் பொருத்திப் பிடிக்க, அவள் பசை வைத்து ஒட்டினாள். ஒட்டு தெரியத்தான் செய்கிறது. தெரியட்டும் என்கிறாள். இன்று தைத்து முடித்துவிட்டாள். மூடிப் பார்த்தேன், காவிரிதான். உங்கள் ஊருக்கு அருகே கொஞ்சம் அதிகமாக வளைகிறது. நான் ஸ்கேலை எடுக்கவில்லை.

எடுக்கச் சொன்ன பெயரை மறுபடி சேர்க்கச் சொல்லிவிட்டாள். நாளை கண்காட்சிக்கு இருவரும் ஆட்டோவில் போகிறோம். ஆகவே அவளை அழைக்க வேண்டாம். மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மன்னிப்புக் கேட்டதாகப் பிரதீப் தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். "ஸாரி" என்றுதான் சொன்னேன். அது பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டாலும் சொல்வதுதான்.