ஒரு சாண் செம்பு

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. என் தலையில் மிச்சமிருக்கும் ஏழு முடிமேல் ஆணை. கண்ணால் பார்த்தது பாதி, காதால் கேட்டது பாதி. அதற்குமேல் ஒரு சிட்டிகைகூட நான் சேர்க்கவில்லை. போதாததற்குக் கடைசியில் தீர்ப்புச் சொன்னவனும் நான்தான்.

என் பக்கத்து வீட்டுக்காரரை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் தராசு என்றுதான் சொல்வார்கள். கடைகடையாகப் போய் எடைக்கல்லையும் அளவுகோலையும் சரிபார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். ஒரு குண்டுமணி எடை குறைந்தாலும் கடைக்காரரின் நெற்றியில் வேர்வையைப் பார்க்காமல் நகரமாட்டார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எந்தக் கோலாலும் அளக்கமுடியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். நல்ல சத்தம்.

அந்தத் தேடலில் வந்து சேர்ந்ததுதான் வெல்வெட் பெட்டி. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போடுகிற செம்புக் கம்பி, இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர், சாரைப்பாம்பு பருமன். கூடவே ஒரு கையேடு. செம்பிலிருந்து ஆக்சிஜனைத் துடைத்து எடுத்துவிட்டார்களாம். உள்ளே இருக்கும் படிகங்களை நீளநீளமாக வளர்த்திருக்கிறார்களாம், சத்தம் வழியில் தடுக்கி விழாமலிருக்க. பிறகு திரவ நைட்ரஜனில் உறையவைத்து எடுத்தார்களாம். கம்பியின்மேல் அம்புக்குறி வேறு போட்டிருந்தது. சத்தம் திசை தெரியாமல் திரும்பிப் போய்விட்டால் யார் பொறுப்பு?

அவருடைய மைத்துனர் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். கம்பியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"செம்பு செம்புதான் அத்தான். நான் தினம் கிலோக்கணக்குல சுத்தறேன். ஒண்ணாவது பாடினதில்ல."

"உன் செம்பு தண்ணி இறைக்கும் மாப்ளே. இது வேற ரகம்."

முதல் பாட்டிலேயே தராசின் முகம் விழுந்துவிட்டது. பழைய கம்பியில் வந்த அதே சத்தம். கையேட்டைப் புரட்டினார். புதுக் கம்பி இருநூறு மணி நேரம் ஓடிப் பழக வேண்டும் என்று போட்டிருந்தது. ஓடவிட்டார். எட்டு நாளும் எட்டு மணி நேரமும், இடைவேளை கிடையாது. மேல்மாடிப் பல் டாக்டர் தூக்கம் கெட்டுப்போய் யாரோ ஒருவரின் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். கீழ்வீட்டு நர்ஸ் விட்டத்தில் துடைப்பக் கட்டையால் இடித்து இடித்து, அவர் வீட்டு மின்விசிறி கழன்று விழுந்தது. குடியிருப்பே சேர்ந்து புகார் மனு எழுதியது. அவர் வீட்டைத் தவிர்த்துப் பதினாறு வீட்டில் பதினைந்து கையெழுத்து. விட்டுப்போனது என்னுடையது.

தராசின் மனைவி திரைச்சீலை தைத்து விற்பவர். துணி வெட்ட இடமில்லாமல் சாப்பாட்டு மேசையில் வெட்டுவார். ஆகையால் அந்த வீட்டில் மூன்று வருஷமாக எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மனுவைப் படித்துவிட்டு அந்த அம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை தம்பி அவன் கம்பியக் கொண்டுவரட்டும். ரெண்டையும் மாத்திப் போடுங்க. பொதுவான ஆள் ஒருத்தர் எது தேவலன்னு சொல்லட்டும். உங்க கம்பின்னா அந்த ரூம் உங்களுக்கு, நான் வாயத் தொறக்கமாட்டேன். அவன் கம்பின்னா என் ரெண்டு தையல் மிஷினும் உள்ள வரும்."

தராசுக்கு அந்த அறைதான் உயிர். இருந்தாலும் சவாலைத் தட்டமுடியுமா? பொதுவான ஆள் யார் என்று யோசித்தார். எட்டு நாள் இடைவிடாத பாட்டை முகம் சுளிக்காமல் ரசித்தவர் இந்தக் குடியிருப்பில் ஒரே ஒருவர்தானே.

"பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருக்குத்தான் காது இருக்கு."

"அவரா? ரொம்பச் சரி" என்றார் மனைவி. சொல்லிவிட்டு எதற்கோ திரைச்சீலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தராசு என் வீட்டு மணியை வெகுநேரம் அழுத்தினாராம். கடைசியில் என் மனைவி போய்க் கதவைத் திறந்தாள். அவர் என் முன்னால் உட்கார்ந்து கைகளை ஆட்டி ஆட்டி நிறையப் பேசினார். நான் எல்லோருக்கும் செய்வதுபோலச் சிரித்துத் தலையாட்டினேன். கையேட்டை என் மடியில் வைத்துவிட்டு ஜெயித்த முகத்தோடு போனார். மற்றதை என் மனைவி பிறகு விளக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இருநூறு மணி நேரம் ஓடிய பிறகு சத்தத்தில் ஒரு கூர்மை தெரிகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உறையவைத்தது போதவில்லை என்று முடிவுகட்டி, பட்டாணிப் பையை வெளியே தள்ளிவிட்டுக் கம்பியைச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்தார். இரண்டு நாள் கழித்து எடுத்தால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கொடியில் காயப்போட்டார். காய்ந்தபோது நான்கு முனையிலும் பச்சையாகக் களிம்பு. உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்தார். புதுப் பானைபோலப் பளபளத்தது. தொட்டதும் ஒரு முனை பொலபொலவென்று உதிர்ந்தது.

உதிர்ந்ததை வெட்டி எறிந்தார். இப்போது ஒரு கம்பி நான்கு விரற்கடை குட்டை.

வேறு யாராவதாக இருந்தால் விட்டிருப்பார்கள். இவர் ஆபீஸ் பையைத் திறந்து, கடைக்காரர்களை நடுங்கவைக்கும் அந்த அசல் மீட்டர் கோலை எடுத்தார். நீளமானதை வெட்டினார். இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுப்பட்டது. அதற்காக மற்றதை வெட்டினார். அது மூன்று மில்லிமீட்டர். ஊரில் எத்தனை பேரிடம் 'மூணு மில்லின்னா சும்மாவா' என்று கேட்டிருப்பார். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே, இதையும் அதையும் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டே போனார். சனிக்கிழமை சாயங்காலம் கோலைக் கீழே வைத்தபோது இரண்டு கம்பியும் மயிரிழை வித்தியாசமில்லாமல் இருந்தன. ஆளுக்கு ஒரு சாண்.

இரண்டு மூலையில் கம்பீரமாக நின்ற ஸ்பீக்கர்கள் இப்போது ஆம்ப்ளிஃபயரை இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கும் பிள்ளைகள்போல நின்றன.

மைத்துனர் வந்து பார்த்தார். "ஆக்சிஜன எடுத்தாங்க, சரி. கம்பியையும் எடுத்துட்டாங்களா அத்தான்?"

"தூரம் குறைஞ்சா சத்தத்துக்கு அலுப்பு குறையும், மாப்ளே" என்றார் தராசு. 

அறையின் குறுக்கே அந்த அம்மாள் தைத்த திரைச்சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் மைத்துனர், எந்தக் கம்பி முதலில் என்பது எங்களுக்குத் தெரியாதபடி. முன்னால் நாற்காலியில் நான். தராசு என் காதருகே குனிந்தார்.

"பின்னணியக் கவனிங்க பெரியவரே. கன்னங்கரேல்னு இருக்கணும். பாட்டுக்கு நடுவுல இருக்கற நிசப்தம்தான் விஷயம்."

முதல் கம்பி. நாற்காலியின் கைப்பிடி லேசாக அதிர்ந்தது. நான் கண்ணை மூடி அனுபவித்தேன். பிறகு இடைவெளி, திரைக்குப் பின்னால் கைகள் அசைந்தன. இரண்டாவது கம்பி. கைப்பிடியில் துளி நடுக்கமில்லை. தராசு கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னையே பார்த்தார். மைத்துனரின் தலை திரைக்கு வெளியே ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது.

நான் எழுந்து நின்று, கையேட்டில் படித்திருந்த சொற்களிலேயே தீர்ப்புச் சொன்னேன். "முதல்ல வந்ததுல ஒரு நடுக்கம். ரெண்டாவது சுத்தம். இரைச்சல் கிடையாது. பின்னணி கன்னங்கரேல்."

"ரெண்டாவது என்னோடதுங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து மைத்துனர் சொன்னார். சொல்வதற்கு அவருக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது.

தராசு வெளுத்துப்போனார். ஆனால் நேர்மையான உத்தியோகஸ்தர். "எனக்கும் ரெண்டாவதுதான் பிடிச்சுது. அப்படி ஒரு நிசப்தத்த நான் கேட்டதே இல்ல" என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டார். தையல் மிஷின் இரண்டையும் அவரே தூக்கி உள்ளே வைத்தார். அன்று மத்தியானம் அந்த வீட்டில் மூன்று வருஷத்துக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெல்வெட் பெட்டியில் இப்போது நூல் சுற்றிய பாபின்கள் இருக்கின்றன.

சாயங்காலம் மைத்துனர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் அந்தக் காயில் கம்பி. 

"பெரியவரே, மனசு கேக்கல, அதான் வந்தேன். காயில் கம்பி மேல எனாமல் பூசியிருக்கும். முனையச் சுரண்டினாத்தான் கரண்டு போகும். அவசரத்துல நான் சுரண்டவே இல்ல. ரெண்டாவது தடவ ஸ்பீக்கர்ல சத்தமே வரல. அத்தானுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு புரியல. உங்களுக்குமா?"

நான் சிரித்துத் தலையாட்டினேன்.

உள்ளேயிருந்து என் மனைவி ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டுங்க தம்பி. அவருக்குக் காது கேக்காமப் போயி ஒன்பது வருஷம் ஆச்சு."