காருக்குச் சிறகு வைத்தவன்

கார்க் கதைகளில் ஓட்டியவன் வருவான், இடித்தவன் வருவான். பக்கத்து இருக்கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பவளை மட்டும் எவரும் எழுதுவதில்லை. என் கதையில் அவள் பெயர் அனகா, என் மனைவி. மைசூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் காற்றும் நீரும் ஓடும் விதத்தைப் பாடமாக நடத்துகிறாள். ஓட்டுநர் உரிமம் அவளிடம் உண்டு. சாவி என்னிடம். நான் கணவன், வேறு தகுதி இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எங்கள் சின்னக் காரின் பின்புறத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு சிறகு பொருத்தினேன். மறுநாள் அதற்கும் சந்தனம், குங்குமம் இட்டேன். பூஜை முடிந்ததும் அதே காரில் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ரங்கநாதரைச் சேவிப்பது எங்கள் வழக்கம்.

"ஏன்னா, இது எதுக்கு?"

"வேகமாப் போனா காத்து காரைத் தூக்கும். இது அமுக்கும். கார் கல்லு மாதிரி உட்காரும்."

"பின்னாடி மட்டும்தான் அமுக்கும். பெஞ்சு நுனியிலே நீங்க உட்கார்ந்தா மறுநுனி எழும்பாதா? முன்சக்கரம் லேசாயிடும்."

"சும்னே பயமுறுத்தாதே! இதோட மார்க்கெட்டுக்குப் போனேனே, ஒண்ணும் ஆகலையே?"

"மார்க்கெட்டுக்குப் போற முப்பது கிலோமீட்டர் வேகத்துலே காத்து உங்களை மதிக்கவே மதிக்காது. வேகம் ரெண்டு மடங்கானா நாலு மடங்கா மதிக்கும்."

நெடுஞ்சாலையில் தொண்ணூறைத் தொட்டேன். ஸ்டியரிங் வெண்ணெயாயிற்று. திருப்பினால் கார் யோசித்தது. ஒரு லாரியைக் கடக்கையில், அதன் காற்றில் அடுத்த தடத்துக்கே போய் வந்தோம்.

"நன்னா உட்கார்ந்திருக்கு. அப்படியே நூறு போங்கோ," என்றாள்.

ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன்?"

"வயிறு... சரியில்லை."

"அடடா! வயிறு சரியில்லாதவா ஓட்டப்படாது. நகருங்கோ."

ஐம்பதில் ஓட்டினாள்; கார் சொன்னபடி கேட்டது. கோயிலில் என் பங்குப் புளியோகரையையும் அவளே உண்டாள். வயிறு சரியில்லாதவனுக்குப் புளி ஆகாதாம். வீடு திரும்பியதும் ஸ்பானரை எடுத்துச் சிறகைக் கழற்றினாள்.

"சாவி?" என்றேன்.

"வயிறு சரியாச்சா? சொல்லுங்கோ, சிறகை மறுபடி மாட்டி நாளைக்கே அதே ரோட்டுலே நூறு போகலாம்."

"இன்னும் கொஞ்சம் வலிக்கிறது."

உயிரோடு வீடு சேர்ந்ததற்கு அவளுக்கு நன்றி. 'அப்பவே சொன்னேனே' என்று ஒருமுறையும் சொல்லாததற்கு அதைவிடப் பெரிய நன்றி.

அனகா அன்றிலிருந்து தினமும் தானே காரோட்டிக் கல்லூரிக்குப் போகிறாள். வழியில் நான் ஏறிப் போகும் பஸ் வந்தால், மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறாள்.