கூரை விதானையார் ஏழையாக்கிய ஊர்

வடமராட்சியில் ஒரே காலைப்பொழுதுக்குள் ஓர் ஊரையே பரம ஏழையாக்கிக் காட்டிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் கூரை விதானையார். எந்த அரசாங்கத்தாலும் அந்த வேகத்தில் அதைச் செய்ய முடிந்ததில்லை.

கிராம சேவகரை எங்கள் பக்கத்தில் விதானையார் என்போம். 'கூரை' என்பது ஊர் வைத்த பட்டம். யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்க்க முன்னம் முகட்டைத்தான் பார்ப்பார். தென்னோலைக் கிடுகுக் கூரை என்றால், அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவு முத்திரைக்குத் தகுதி. தகரம் என்றால் தாடையைச் சொறிவார். ஓடு என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் எல்லோரும் அறுகரிசி போட, இவர் மட்டும் அண்ணாந்து பார்த்து, "ஓடு போட்டிட்டினம். இனிப் பொம்பிளை வீட்டுக்கு முத்திரை இல்லை" என்றார். பெண்ணின் தகப்பன் தாலியை விட்டுவிட்டு இவரைச் சமாதானம் பண்ண ஓடி வந்தார்.

ஊர், நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் இடையில். பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் பெண் கொடுத்து எடுக்கிறோம்.

எண்பதுகளின் கடைசி. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் வீட்டில் இருந்த எனக்கு, எங்கள் பிரிவுப் பணிமனையில் வேலை கிடைத்தது. என்ன வேலை? வேலையில்லாதவர்களைக் கணக்கெடுக்கும் வேலை. முந்தின வாரம் வரை நானே அந்தப் பட்டியலில் இருந்தேன். நியமனம் நிரந்தரமாகவில்லை. ஆகவே யார் தும்மினாலும் பயந்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு சுயதொழில் திட்டம் வந்தது. ஏழைக் குடும்பங்களுக்குத் தையல் மெசின், தண்ணீர் இறைக்கும் மெசின், ஆடு கொடுத்து வறுமையை ஒழிப்பார்களாம். நல்ல திட்டம்தான். ஆனால் படிவத்தில் ஆறாவதாக ஒரு கேள்வி: வீட்டில் தொழிற்கருவி ஏதும் உண்டா? உண்டு என்று எழுதினால் அது தொழில் உள்ள குடும்பம். புதிதாக ஒன்றும் கிடையாது. வாங்கிக்கொண்டிருக்கிற உணவு முத்திரையும் வெட்டு.

படிவத்தோடு ஊருக்குள் போனேன். ஊரில் ஒருவருக்கும் ஒரு வேலையும் இல்லை! கைவிரல் முழுக்கப் புகையிலைக் கறை படிந்த சுருட்டுக்காரர், "சும்மாதான் இருக்கிறன் தம்பி" என்றார். தோட்டத்தில் வெங்காயம் பச்சைப்பசேலென்று நிற்க, "மழைதான் இறைக்குது" என்றார் இன்னொருவர். மலரக்கா, கடலுக்குப் போன கணவன் திரும்பி வராமல் மூன்று பிள்ளைகளோடு தனித்துப்போனவர், கழுத்தில் அளவுநாடா தொங்க நின்றுகொண்டு சொன்னார்: "எனக்கு ஒரு தொழிலும் தெரியாது." அளவுநாடாவை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். நாடா மெதுவாகச் சேலைக்குள் போய்விட்டது.

தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க விதானையார் வீட்டுப் படலையைத் திறந்தேன். "வேண்டாம் தம்பி, கிணறு வத்திப்போச்சு!" என்று குறுக்கே விழுந்து தடுத்தார். அவர் சொல்லி முடிக்கவில்லை, உள்ளே ஓர் ஆடு கத்தியது. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னும் ஆறு ஆடுகள் கத்தின.

உள்ளே போனால் ஊரின் தொழில் முழுவதும் அந்த ஒரு வீட்டில் இருந்தது. ஐந்து தையல் மெசின், மூன்று தண்ணீர் மெசின், சுருட்டுப் பலகைகள், தச்சரின் வாள், உளி. இவற்றுக்கு நடுவில் விதானையாரின் மனைவி அசைய இடமில்லாமல், ஒரு மெசினுக்கு மேலே சுளகை வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"விதானையார், இது என்ன வேலை?"

"உங்கடை கடுதாசியைக் கேளும் தம்பி. மெசின் இருக்கிறவன் ஏழை இல்லையாம். மலரின்ரை மெசின் அவளின்ரை அம்மா காலத்து மெசின். பத்துத் தையலுக்கு ஒருக்கால் நூல் அறும். அதைக் காட்டினால் முத்திரையை வெட்டுவியள். முத்திரையை வெட்டினால் அவள் மெசினை விப்பாள். வித்தால் உண்மையிலேயே தொழில் இல்லாதவள். பிறகு நீர் வந்து மெசின் குடுப்பீர். உந்தச் சுத்து ஏன் எண்டு நான் குறுக்கு வழியாலை வந்திட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறாவது கேள்விக்கு எல்லோருக்கும் 'இல்லை' என்றே எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். என் பயம் விடவில்லை. மேலதிகாரி ஒருவர் மறுபடி பார்க்க வருவார், அதுவரை ஒரு சாமானையும் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதிகாரி வரவில்லை. விதானையார்தான் சைக்கிளில் பணிமனைக்கு மூன்று தரம் வந்தார்.

"தம்பி, மலர் பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி வெட்டி வைச்சிருக்கிறாள். அவளின்ரை மெசினை மட்டும் குடுப்பமே?"

"வேண்டாம் விதானையார். அதிகாரி திடீரெண்டு வந்து நிண்டால் என்ரை வேலை போயிடும்."

சைக்கிளைத் திருப்பினார். "சரி தம்பி" என்று போய்விட்டார்.

அதிகாரிக்கு முன்னம் சண்டை வந்தது. சனம் கோயில்களுக்கு ஓடியது. திரும்பி வந்தபோது விதானையார் வீடு இருந்த இடத்தில் மண்ணும் கருகிய மரமும்தான் கிடந்தன. ஷெல் வேறு எந்த வீட்டிலும் விழவில்லை. ஊர் முழுவதும் உழைத்துச் சாப்பிட்ட கருவிகள் அத்தனையும் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது. திட்டமும் அதோடு நின்றுபோனது. பொய்க்கு ஏழையாக நின்ற ஊர் மெய்யாகவே ஏழையானது.

சாமானைத் திருப்பித் தரவில்லையென்று ஊரார் விதானையார் மேல் பெட்டிசம் போட்டார்கள். பணிமனையில் விசாரணை. வாக்குமூலத்தைப் பதிவு செய்தவன் நான்.

மலரக்கா சத்தம் போடவில்லை. "விதானையார், நான் கேக்கேக்கை தந்திருந்தால் அதைத் தலையிலை வைச்சுக்கொண்டெண்டாலும் ஓடியிருப்பன்" என்றார்.

"திருப்பிக் குடுக்க வேண்டாமெண்டு சொன்னது ஆர்?" என்று விசாரித்த ஐயா கேட்டார்.

என் பேனை நின்றுவிட்டது. விதானையார் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான். வேறை ஆர் சொல்லுவினம்?" என்றார்.

நான் அதை எழுதினேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஓர் எழுத்துக்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவரை வீதியில் மறித்தேன். "ஏன் விதானையார் அப்பிடிச் சொன்னியள்?"

"எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருசம். உமக்கு ஆறு வருசத்துக்குப் பிறகு கிடைச்ச உத்தியோகம். இவ்வளவு படிவம் நிரப்பினதுக்கு ஒருத்தனுக்காவது வேலை மிஞ்சட்டும்."

அங்கிருந்து நேரே மலரக்கா வீட்டுக்குப் போனவர், பிறகு தினமும் போனார். மலரக்கா கையாலேயே சட்டைகள் தைத்தார். இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பொத்தான் தைத்தார். முதல் மாதம் மலரக்கா இவரோடு கதைக்கவில்லை. இரண்டாம் மாதம் ஏசத் தொடங்கினார். "பொத்தான் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். உந்தச் சட்டையைப் போடுற பிள்ளை கோணித்தான் நடக்கும்!" என்று அறுத்து எறிவார். விதானையார் பொறுக்கியெடுத்து மறுபடி தைப்பார்.

அந்த வருஷம் என் சட்டைகளில் பொத்தான் தங்கவில்லை. மலரக்கா வீட்டு வேலியோரம் சைக்கிளை நிறுத்தி, நானே ஒன்றை அறுத்துக்கொண்டு உள்ளே போவேன். மலரக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போனேன். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. விதானையார் சட்டையை வாங்கி மடியில் வைத்து, கோணலாகத் தைத்து முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். அந்த மனிதருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.