விழுந்த பிறகு வரவும்

ரத்தக் கொதிப்புக்கு இரண்டு புது மாத்திரைகள். இரண்டில் எது ஒசத்தி என்று கண்டுபிடிக்க அந்த ஆஸ்பத்திரியில் மாபெரும் ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. யாருக்கு எந்த மாத்திரை என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, டாக்டருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் பாதி வைத்தியத்தை மனசே பார்த்துவிடுமாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நியாயத்தைக் கொண்டுபோய் ஒரு ஆபீசர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா!

டெய்லருக்கு அந்த ஆய்வில் இடம் கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வேளை விடாமல் மாத்திரையை முழுங்கினார். ஆனாலும் துணி வெட்டக் குனிந்து நிமிர்ந்தால் தலை கிறுகிறுவென்று சுற்றியது. போன வாரம் ஒரு கோட்டின் கையை முழங்கையோடு வெட்டிவிட்டார். அடுத்து தன் கையைத்தான் வெட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயம் பிடித்துக்கொண்டது. மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆய்வு ஆபீசரிடம் போனார்.

"சார், இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை. மாத்திக் குடுங்க."

"எந்த மாத்திரை?"

"நீங்க குடுத்ததுதான்."

"என்ன குடுத்தேன்னு எனக்கே தெரியாதே. தெரியாததை எப்படிய்யா மாத்தறது?"

"அப்ப என்னை விட்ருங்க, விலகிக்கறேன்."

ஆபீசர் சந்தோஷமாக விலகல் படிவத்தை நீட்டினார். முதல் கட்டத்திலேயே, 'எந்த மாத்திரையிலிருந்து விலகுகிறீர்கள்?' என்று கேட்டிருந்தது. அதை நிரப்பாத படிவம் செல்லாது.

டெய்லர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "இதென்ன சார் கூத்து! இவர் எதைச் சாப்பிடறார்னு எங்கயுமே எழுதி வைக்கலையா?"

"ஏன் இல்லை? முத்திரை வெச்ச உறையில பத்திரமா இருக்கு. அவசரம்னா திறக்கலாம். விழுந்தாரா?"

"இன்னும் விழலை."

"அப்ப விழுந்த பிறகு வாங்க."

டெய்லர் யோசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, தொப்பென்று தரையில் சாய்ந்தார்.

"விழுந்துட்டேன் சார்."

ஆபீசர் பேனாவைத் திறந்தார். "எந்தப் பக்கமா?"

"உங்க பக்கமாத்தான்."

விதிப்படி டாக்டர் அழைக்கப்பட்டார். உறையைப் பார்த்ததும் அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபீசர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உறையைக் கிழித்தார். உள்ளே இருந்த கடிதத்தை எடுத்து அப்படியே காற்றில் நீட்டினார்.

"படிங்க சார்," என்றார் டெய்லர், தரையிலிருந்து.

"நான் படிக்கக்கூடாது. டாக்டர் படிக்கக்கூடாது. நீங்க படிக்கவே கூடாது."

"பொண்டாட்டி படிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கா?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். போடவில்லை. அவள் கடிதத்தைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

'மாத்திரைகள் இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஆய்வு தாமதமாகக்கூடாது என்பதால், அதுவரை இரு தரப்பினருக்கும் பாரபட்சமின்றி மாவு மாத்திரை வழங்கவும்.'

"அடப் பாவிங்களா! ரெண்டு மாசமா இந்த மனுஷனுக்கு மருந்தே இல்லையா?"

ஆபீசர் கண்ணைத் திறந்தார். "அது எப்படிம்மா? முதல் மாத்திரைதான் ரெண்டாவதை விட ஒசத்தின்னு போன வாரமே அறிக்கை அனுப்பிட்டோமே!"

சுவரைப் பார்த்தபடியே டாக்டர் மெல்லக் கேட்டார். "அப்ப, எனக்கும் பிரஷர்னு நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சாப்பிடறதும் இதே மாவு மாத்திரைதானா? எனக்கு நல்லா வேலை செய்யுதே!"

அவருக்கு அங்கேயே வியர்த்துவிட்டது. பழைய, நம்பகமான மாத்திரைகள் இரண்டின் பெயரை எழுதி, "ரெண்டுல எதையாவது ஒண்ணை வாங்கிக்குங்க தாயே," என்று அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போனால், வரிசையில் முதல் ஆள் டாக்டர், அடுத்தவர் ஆபீசர். இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல நின்றுகொண்டிருந்தார்கள். டெய்லர் மனைவி அவர்களுக்குப் பின்னால் நின்று, நிஜ மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தண்ணீரும் கையுமாகப் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"இந்தாங்க, இது..."

"ஐயோ, பேரைச் சொல்லித் தொலைக்காதே!" என்று அலறிய டெய்லர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். "தெரிஞ்சுட்டா வேலை செய்யாதுடி!"