வெனிஸுக்கு ரோடு போட்டவன்

நான் இத்தாலிக்குப் போய் வந்தவன் என்றால் அது பொய் இல்லை. இத்தாலியைப் பார்த்தவன் என்றால்தான் பொய். இருபத்தாறு வயதில் இந்த வித்தியாசம் விளங்காமல் போனதால் வந்த வினை இது.

அப்போது கண்டி டவுனில் ராஜன் சேர் என்ற கட்டடக் கலைஞரிடம் வரைபடம் வரையும் வேலை. வீடு மஹய்யாவயில். பாரிஸில் இருக்கும் அக்கா டிக்கெட் அனுப்பி என்னை வரவழைத்து, எட்டு நாள் இத்தாலி பஸ் சுற்றுலாவில் ஏற்றிவிட்டாள். எனக்கோ பஸ் என்றாலே வாந்தி. காலையில் ஒன்று போடச் சொல்லி மாத்திரை தந்தாள். நான் பாதுகாப்புக்கு இரண்டாகப் போட்டேன். இத்தாலி முழுவதும் வாயைத் திறந்தபடி தூங்கினேன். கண் விழித்த இடமெல்லாம் பெட்ரோல் ஷெட்தான். (அவை அழகாகவே இருந்தன.) வெனிஸில் எல்லோரும் இறங்கிப் போனார்கள், நான் பின் சீட்டில் குறட்டை.

ஆனால், ஊருக்கு வந்து அளந்தேன் பாருங்கள்! "ரோமாபுரித் தூண்களுக்கு முன்னால எனக்குப் பேச்சே வரல சேர்" என்றேன். (தூங்குகிறவனுக்கு எங்கிருந்து பேச்சு வரும்?) சேர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் அலவத்துகொடவில் வீடு கட்டப் புறப்பட்டார். இத்தாலிக்காரர் வீடு மாதிரி வேண்டுமாம்.

"தம்பி, நாளைக்கு நீங்கதான் பேசப் போறீங்க" என்றார் சேர். "இந்த வேலை கெடச்சா ஒங்கள பெர்மனன்ட் ஆக்கிர்றேன்."

மறுநாள் ஹாஜியாரின் பழைய வீட்டு ஹோலில் உட்கார்ந்தோம். அவருடைய மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார்.

"இத்தாலியில எந்த ஊர் கட்டடம் நல்ல வடிவு, தம்பி?" என்று கேட்டார் ஹாஜியார்.

"வெனிஸ்" என்றேன், லேசாகக் கண்ணை மூடி. "வளைஞ்ச ஜன்னல், கல்லுல செதுக்கின பல்கனி. ஒவ்வொரு வீடும் நகைப் பெட்டி மாதிரி, ஹாஜியார்."

"தண்ணிக்குள்ள ஈக்கிற ஊர்தானே?"

"ஆமா. நம்ம கண்டி மாதிரியே."

இதை மனசார நம்பித்தான் சொன்னேன். வெனிஸில் படகு நிற்கும் படம் பார்த்திருக்கிறேன். படகு இருந்தால் வாவி இருக்கும். வாவி இருந்தால் அதைச் சுற்றி ரோடு இருக்கும். ரோடு இருந்தால் டிராபிக் இருக்கும். டவுன் நடுவே வாவி உள்ள கண்டியில் பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஹாஜியாருக்கு உண்மையான கவலை வேறு. "நம்மட காணி சரியான சரிவு. அங்க உள்ளவங்க வாகனத்த எங்க உடுற?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் கீழ கராஜ் இருக்கு. கேட்டைத் தொறந்தா நேரா மெயின் ரோடு. பின்னேரத்துல மட்டும் ஹோர்ன் சத்தம் தாங்க ஏலாது."

சேர் பெருமையோடு அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மகள் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்க போனது எந்த வெனிஸுக்கு?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். "இல்ல, கலியாணம் முடிச்ச புதுசில நாங்க ரெண்டு பேரும் அங்க மூணு நாள் நின்ட. ஒரு கார் கூட காணல்ல. வாசலத் தொறந்தா தண்ணி."

சேரின் பேனா நின்றது.

"அது பழைய வெனிஸ்" என்றேன். "நான் சொன்னது புது வெனிஸ்."

"அது எங்க ஈக்கி?" என்றார் ஹாஜியார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாத்திரை இரண்டு, பெட்ரோல் ஷெட், பின் சீட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் வேலை போனது போகட்டும், என்னை நம்பி வந்த மனிதரின் மானமும் அல்லவா போகிறது? சேர் தரையில் பதித்த ஒரு டைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஹாஜியாரின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அல்லாஹ்வே, வெனிஸுக்கு ரோடு போட்டுட்டாரே இவர்!" என்றார்.

வேலையை எங்களுக்கே தந்தார், ஒரு நிபந்தனையோடு. "இத்தாலி வேணாம். இந்தத் தம்பி நம்மட காணிக்கு வந்து, முழிச்சுக்கொண்டு நின்டு, பாத்து வரையட்டும்." மூன்று மாதம் அந்தச் சரிவில் ஏறி இறங்கினேன். வீடு நன்றாகவே வந்தது. பெர்மனன்ட் மட்டும் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. சேரின் கோபம் ஆற அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

வீடு குடிபுகுந்த அன்று ஹாஜியார் வந்தவர்களுக்கெல்லாம் என்னை அறிமுகப்படுத்தினார்: "வெனிஸுக்கு ரோடு போட்டவர் இவர்தான்." அங்கே வந்திருந்த என் அம்மா அதை மஹய்யாவ முழுக்கப் பரப்பினார். கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டாருக்கும் சொல்லப்பட்டது. இன்று வழி தெரியாமல் நான் எங்கே நின்றாலும், "ஒரு ரோடு போட்டுக்கங்களேன்" என்கிறாள் மனைவி.

நாலாம் வகுப்பில் படிக்கும் மகள் 'என் தந்தை' என்ற கட்டுரையில் 'வெனிஸுக்கு ரோடு போட்டவர்' என்று மட்டும் எழுதிவிட்டாள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்று வரவேற்றார்.

"அங்க இவ்வளவு தண்ணிக்கு ரோடு தாங்குதா சேர்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நல்லாத் தாங்குது டீச்சர்."